ஒட்டு விடவில்லை, மச்சான்

மச்சான்,

இன்று காலை கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. தலவாக்கலை ஸ்டேஷனில் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு லிந்துலைக்குக் கொண்டுவந்தேன். பட்டறையில் வைத்துச் சணலை அவிழ்த்ததும் அந்த வாசனை எழுந்தது. புது ரம்பப் பட்டை துருப்பிடிக்காமல் இருக்கச் சுற்றி அனுப்புகிற எண்ணெய்த்தாளின் வாசனை. அந்தத் தாளை நீ ஒருநாளும் எறியவிட்டதில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய். உன் வீட்டில் அரிவாளும் செடி நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியும் அந்தத் தாளில்தான் கிடக்கும். இன்றைக்கும் கை பழக்கத்தில் மடித்துவிட்டேன். மடித்த பிறகுதான் கொடுக்க ஆளில்லை என்று உறைத்தது.

அப்படியே பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் காலையிலேயே களைப்பாக இருக்கிறது. வாசல்வரை மரம் குவிந்து கிடக்கிறது, அறுத்துத் தருகிறேன் என்று நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. பென்சிலை எடுத்து இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஐந்து மைல் தூரத்தில் இருந்தவனுக்கு யார் எழுதுவார்கள்?

நாம் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பிரா அறையில் பிறந்தவர்கள். உன் தங்கை செல்லம்மாவை நான் கட்டிக்கொள்வதற்கு முன்பே உன்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் நீ மெஷின் பழுது பார்க்கிற பிட்டர், நான் தச்சன். மெஷின்கள் நிற்கிற கட்டடத்துக்குப் பின்னால் என் கொட்டகை. அதற்குள் அந்தப் பட்டை ரம்பம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பதினாறடிப் பட்டை. பட்டையை அளந்து வெட்டி, இரண்டு நுனியையும் பித்தளை உருக்கி ஒட்டி வளையமாக்கித் தருவது உன் வேலை. அதில் ஓட்டிப் பலகை அறுப்பது என் வேலை.

ஒரு புதன்கிழமை, சவுக்குப் பலகை ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். படாரென்று ஒரு சத்தம். பட்டை முறிந்து வெளியே வந்தது. வலி தெரியவில்லை. பலகைமேல் கிடந்ததைப் பார்த்தபிறகுதான் அது என் கை என்று தெரிந்தது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. என்னைத் தூக்கி லொறியில் ஏற்றியது நீ. உன் சட்டையைக் கிழித்துத்தான் கட்டினாய்.

அதற்கு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை இப்போது உள்ளபடி எழுதுகிறேன். உனக்குத் தெரியும் என்றாலும் என் வாயால் முழுதாகச் சொன்னதில்லை.

தோட்டத்துக் கிளாக்கர் ஐயா காகிதமும் பேனாவுமாக வந்தார். கட்டிலின் அந்தப் பக்கம் செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நடந்துச்சுன்னு துரைக்கு எழுதிக் குடுக்கணும்பா" என்றார். "உன் கவனக்குறைவுன்னு எழுதுனா வேலையும் போகும், காம்பிராவும் போகும். மெஷின் சரியில்லன்னு எழுதுனா துரைக்குப் புடிக்காது. அந்தப் பட்டையை ஒட்டுனது யாரு?"

"எங்க மச்சானுங்க."

"ஒட்டு விட்டுருச்சா?"

எங்கே முறிந்தது, ஏன் முறிந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. கையும் காம்பிராவும் சேர்ந்து போய்விடும் என்ற பயம் மட்டும் தெரிந்தது.

"ஆமாங்க. ஒட்டுதான் விட்டுருச்சு" என்றேன்.

அவர் எழுதினார். நல்ல கையால் கையெழுத்துப் போட்டேன். அவர் போனபிறகு செல்லம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் உன் பெயரைப் புல்லுவெட்டுகிற ஆட்களோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள். பதினொரு வருசம் பிட்டராக இருந்தவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினாய். தொழிற்சாலைப் பக்கம் வரக்கூடாது என்றும் உத்தரவு. முறிந்த பட்டையை யாரோ சுருட்டி மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். எவரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அவ்வளவும் செய்து நான் காப்பாற்றிக்கொண்டது ஒரு வருசம்தான். இரண்டு விரல் இல்லாத தச்சனை வைத்துக்கொள்ள முடியாது என்று என்னையும் நிறுத்தினார்கள். செல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு லிந்துலைக்கு வந்தேன். அங்கே கடை வைத்திருந்த ஹமீது நானா அதன் பின்னால் ஒரு அறையும் ஒரு சாய்ப்புக் கொட்டகையும் கொடுத்தார். முக்காலி, அலமாரி, கதவு என்று கைரம்பத்தால் அறுத்துச் செய்து பிழைத்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீ வருவாய். தங்கைக்குத் துணி கொண்டுவருவாய். என்னோடு மழையைப் பற்றிப் பேசுவாய், கொழுந்து குறைந்ததைப் பற்றிப் பேசுவாய். என் இடது கையை மட்டும் பார்க்கமாட்டாய். என்மேல் கோபம், தங்கைக்காக அடக்கிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். ஐந்து வருசம் அப்படியே நினைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வந்தாய். பண்டிகை ஒன்றும் இல்லை. வாசலிலேயே நின்றபடி சொன்னாய்.

"தோட்டத்துல புது மெஷின் எறக்கிட்டாங்க மாப்ள. பழசை இரும்புக்குப் போடப் போறாங்களாம்."

"எந்தப் பழசு?"

"அதுதான்."

நீயே தொடர்ந்தாய். "வாங்கிப் பழுது பாப்போம். எத்தன நாளைக்கு அந்தக் கையை வச்சுக்கிட்டு கைரம்பம் இழுப்ப? நானாகிட்ட கரண்ட் இருக்கு. ஒரு மோட்டார் போட்டா ஓடிரும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வாறேன்."

தேநீர் கொண்டுவந்த செல்லம்மா வாசற்படியில் நின்றுவிட்டாள். "அந்த மெஷினா இங்க வரப்போகுது?" என்று கேட்டாள். அவள் உன் ஈரச் சட்டையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "அண்ணன் சொன்னா வாங்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மர வேலைக்கு மெஷின் ஓட்ட அனுமதி வேண்டும் என்றார்கள். தோட்டத்து ஆட்களில் பலரைப்போல உனக்கும் எனக்கும் பிரஜாவுரிமை இல்லை, நம் பெயரில் தரமாட்டார்கள். நானா தன் பெயரில் எடுத்துத் தந்தார். மெஷினை லொறியிலிருந்து உருட்டி இறக்கிய அன்று அவர் அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்து, "இது ஓடுமா தம்பி?" என்றார். "ஓடும் நானா. கொஞ்சம் நாளாகும்" என்றாய்.

நாள் ஆயிற்று. ஆறு நாள் மலையில் குனிந்து புல்லுவெட்டிவிட்டு ஏழாம் நாள் ஐந்து மைல் நடந்து வருவாய். வந்ததும் ஒரு பத்து நிமிசம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாய். பிறகு ஸ்பேனரை எடுப்பாய். மேல் சக்கரத்தைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினாய். கணீரென்று நின்று ஒலித்தது. "வெடிப்பு இல்ல" என்றாய். இரண்டு சக்கரத்தின் விளிம்பிலும் இருந்த ரப்பர் காய்ந்து, கிழங்குத் தோலைப்போல உரிந்து வந்தது. கீழ்ச் சக்கரத்து அச்சைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது.

மூன்றாவது ஞாயிறு அடிப்பகுதியைக் கழுவ எடுத்தோம். ஐந்து வருசத்து மரத்தூள் எண்ணெயில் ஊறிக் கட்டியாகக் கிடந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று கையை நிறுத்தினாய். உள்ளேயிருந்து கம்பியால் கட்டிய ஒரு சுருளை வெளியே இழுத்தாய். அகலத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பட்டைதான்.

நீ அதைத் தரையில் விரித்தாய். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, ஒரு நுனியிலிருந்து துடைத்துக்கொண்டே போனாய். அவசரப்படவில்லை. நான் சுவரோரம் நின்றேன். கொஞ்சதூரம் போனதும் துருவுக்கு நடுவில் மஞ்சளாகப் பித்தளைக் கோடு தெரிந்தது. உன் ஒட்டு. அதை இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தாய். வளைந்தது, நிமிர்ந்தது, விடவில்லை. முறிந்திருந்தது அதற்கு ஒரு முழம் தள்ளி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில். முறிந்த வாயில் பாதி கறுத்திருந்தது. அந்தப் பாதி முன்பே வெடித்துக் கிடந்திருக்கிறது.

"ஒட்டு நிக்குது, பாரு" என்றாய். அவ்வளவு மெல்ல நீ பேசி நான் கேட்டதில்லை.

"மச்சான், அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒட்டு விட்டுருச்சுன்னு எழுதிக் குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும். தங்கச்சி அன்னைக்கு சாயந்தரமே சொல்லிருச்சு."

"தெரிஞ்சுமா இத்தன நாளும் வந்து போன?"

நீ பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ பொய் சொன்னேன்னு நான் நெனைக்கலையே. மெஷினுக்கு முன்னால நின்னவன் நீ. நீ சொன்னா அப்புடித்தானே இருக்கும்? என் ஒட்டுதான் உன் வெரலை எடுத்துருச்சுன்னு இருந்தேன். அந்தக் கையை எப்புடிப் பாக்கறது மாப்ள?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நீ கோபத்தோடு வந்து போகவில்லை. செய்யாத குற்றத்தைச் செய்ததாக நம்பிக்கொண்டு வந்து போயிருக்கிறாய். புல்லுவெட்டுகிற வேலையைத் தண்டனை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறாய். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை, நான் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையை, ஐந்து வருசம் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறாய்.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். நீ எழுந்துபோய்க் கையைக் கழுவினாய். திரும்பி வந்து என் இடது கையைப் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தாய். விரல் இருந்த இடத்தில் தோல் மூடியிருந்ததை உன் கட்டைவிரலால் தடவினாய். "வலிக்குதா?" என்றாய். "குளிருக்கு மட்டும்" என்றேன். அதற்குமேல் அன்றைக்கு வேலை ஓடவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து சோறு தின்றோம். செல்லம்மாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. விரித்துக்கிடந்த பட்டையை அவளும் பார்த்திருந்தாள்.

அதன் பிறகு நீ வேலை செய்தவிதம் மாறியது. களைப்பு அப்படியே இருந்தது. ஆனால் வேலைக்கு நடுவில் பேச ஆரம்பித்தாய். கீழ் அச்சுக்கு உருளைப் பேரிங் போடுவோமா, பழையபடி ஈயக் கலவையை உருக்கி ஊற்றுவோமா என்று இரண்டு வாரம் யோசித்தாய். "அச்சு ஒக்கார்ற இந்த வீடு ஈயத்துக்குன்னு வார்த்தது. இதைக் கொடைஞ்சு பேரிங் ஏத்துனா பலம் போயிரும்" என்று கடைசியில் உருக்கித்தான் ஊற்றினாய். ஆறியதும் அச்சில் விளக்குக்கரி பூசி, வைத்துச் சுற்றி, கரி ஒட்டிய மேட்டை மட்டும் கத்தியால் சுரண்டி, மறுபடி வைத்துச் சுற்றி... ஒரு பகல் முழுக்க அதுதான். பட்டை விலகாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற கட்டைகள் தேய்ந்துபோயிருந்தன. பாலை மரத்தில் நான் செதுக்கிக் கொடுத்தேன். அவற்றை எண்ணெயில் ஊறப்போட்டாய். சக்கரத்து ரப்பருக்கு முதலில் லொறி டியூபை வெட்டி ஒட்டிப் பார்த்தோம். ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு, சக்கரம் நொண்டியது. "இது சரிவராது. கொழும்புக்குப் போகணும்" என்றாய்.

உனக்குக் கிடைத்த ஒரு லீவு நாளில் காலை ரயிலில் போனோம். அந்தக் கடை உனக்கு ஞாபகம் இருக்கும். வாசல்வரைக்கும் இரும்பு. ரப்பர் கிடைத்தது. பட்டை கேட்டதும் சின்னவர் ஒருவர் தடித்த சுருள் ஒன்றை எடுத்துப் போட்டு, இதுதான் நிறைய நாள் உழைக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கும் அது சரி என்று பட்டது. தடித்தது எப்படி முறியும்? நீ அதை விரலுக்கு நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்து முறிந்த பட்டையின் ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தாய். நீ அதைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது.

கணக்கு மேசையில் இருந்த பெரியவர் எழுந்து வந்து துண்டைக் கையில் வாங்கினார். "சக்கரம் எத்தனை அங்குலம்?" என்று கேட்டார்.

"முப்பது" என்றாய்.

"முப்பது அங்குலச் சக்கரத்திலா இதைப் போட்டீங்க?" அவர் தமிழிலேயே பேசினார். "இது பெரிய மர ஆலைச் சக்கரத்துக்குள்ளது. சின்னச் சக்கரத்தில இவ்வளவு தடிப்பு வளைஞ்சு வளைஞ்சு நிமிர்ந்தா பள்ளத்தில வெடிக்கும். எவ்வளவு நல்லா ஒட்டினாலும் வெடிக்கும். யார் வாங்கினது?"

"தோட்டத்துல வாங்கிக் குடுத்தாங்க" என்றாய்.

அவர் மெல்லிய சுருள் ஒன்றை எடுத்தார். என்ன மரம் என்று கேட்டார். பச்சைச் சவுக்கு என்றேன். அப்படியானால் பல் அகல அகலமாக இருக்கட்டும், நெருங்கிய பல்லில் ஈரத்தூள் அடைத்துச் சூடேறும் என்று ஒன்றும், அலமாரி வேலைக்கு நெருக்கமான பல்லில் ஒன்றுமாக வெட்டினார். "எங்க ஆளே ஒட்டிக் குடுப்பான். ஒட்டிறவா?" என்று கேட்டார்.

நீ கொஞ்சம் தயங்கினாய். என்னைப் பார்த்தாய்.

"வேணாங்க. எங்க மச்சான் ஒட்டுவாரு" என்றேன் நான்.

திரும்பி வரும்போது நாவலப்பிட்டி தாண்டியதும் தூங்கிவிட்டாய். தலை என் தோளில் சாய்ந்தது. தலவாக்கலை வரைக்கும் நான் அசையவில்லை.

அடுத்த ஞாயிறு ஒட்டினாய். இரண்டு நுனியையும் சரிவாக அராவி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, வெண்காரம் வைத்து, பித்தளைக் கம்பியை உருக்கி விட்டாய். மாட்டி, இழுவையைச் சரிசெய்து, சக்கரத்தைக் கையால் பலமுறை சுற்றிப் பார்த்தபிறகு சுவிட்சைப் போட்டாய். சவுக்குத் துண்டைத் தள்ளினேன். பலகை இரண்டாகப் பிரிந்து விழுந்தது. நீ மோட்டாரை நிறுத்திவிட்டு அறுத்த முகத்தைத் தடவினாய். "நேரா வந்துருக்கு" என்றாய்.

அந்த மாதமே நான் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். துண்டை எடுத்துக்கொண்டு போனேன். நான் சொன்னது தப்பு, எழுதிக்கொடுக்கிறேன், மச்சானுக்கு அந்த வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதே கிளாக்கர் ஐயாதான். தலை நரைத்திருந்தது.

"அந்தத் துரை சீமைக்குப் போயிட்டாரு. அந்தக் காகிதம் எங்க கெடக்கோ" என்றார். "பிட்டர் வேலைக்கு இப்ப வேற ஆள் இருக்கு. இதைப் போய் எதுக்குப்பா கெளறுற?"

வெளியே கொட்டும் மழையில் நீ நின்றிருந்தாய். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாய். "போதும் மாப்ள. நமக்குத் தெரிஞ்சிருச்சுல்ல" என்றாய். அதற்குப் பிறகும் ஆறு வருசம் மலையில் புல்லுத்தான் வெட்டினாய். தோட்டத்தை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். விட்டால் காம்பிரா போகும், உன் மனைவியின் கொழுந்து பறிக்கிற வேலையும் போகும். எனக்கு என்ன பயம் இருந்ததோ அதே பயம்தான். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு யோக்கியதை இல்லை.

போன மழைக்காலத்தில் உனக்கு வந்த இருமல் நிற்கவேயில்லை. தோட்டத்து மருந்தைக் குடித்துக்கொண்டே மலைக்குப் போனாய். கடைசியாக வந்த ஞாயிறு மெஷின் பக்கம் போகவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு, அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி, "மேல் சக்கரத்து ரப்பரை மாத்தணும்" என்று மட்டும் சொன்னாய். பத்து நாளில் போய்விட்டாய். உன் பெட்டிக்குப் பலகை அறுத்தது நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

அடக்கம் முடிந்து, லயத்து வாசலில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வயசான ஒருவர், நல்ல மனிதர்தான், உன்னைப் பற்றிப் பேசினார். "நல்ல பிட்டரு. என்ன செய்ய, அந்த ஒரு ஒட்டு சரியா விழாம மலைக்குப் போகவேண்டியதாப் போச்சு" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இத்தனை வருசமும் தோட்டம் முழுக்க அதையே பேசியிருக்கிறது. நீ அதை ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாய். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

நான் எழுந்து நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. "ஒட்டு விடலைங்க" என்றேன். "நான்தான் பொய் சொன்னேன். காம்பிரா போயிரும்னு பயந்து சொன்னேன். பட்டை தடிப்பு. வேற எடத்துல முறிஞ்சுச்சு. மச்சான் ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கு." செல்லம்மா மட்டும் வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்தப் பெரியவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். ஆமாம் என்றேன்.

மன்னித்துவிடு என்ற வார்த்தையை உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. நீ சொல்லவிடவுமில்லை. அது என்னிடமே இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். கையைப் பார்த்து யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், விபத்து என்று சொல்லி முடித்துவிடுவதில்லை. நான் சொன்ன பொய்யிலிருந்து ஆரம்பித்து, கொழும்புக் கடைக்காரர் சொன்னதுவரை முழுதாகச் சொல்கிறேன். பாதிப் பேருக்கு நடுவிலேயே அலுத்துவிடுகிறது. எனக்கும் சில நாள் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லி முடிக்கிறேன்.

நேற்று அக்கரப்பத்தனையிலிருந்து ஒருவர் மரம் கொண்டுவந்தார். மகளுக்குக் கட்டில் செய்ய வேண்டுமாம். கேட்டார், சொன்னேன். மரத்தின் மேல் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்து, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாவம், நல்ல மனுசன்" என்றார். "அப்ப, பலகை எப்பங்க கெடைக்கும்?"

"வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.